‘பழுதில்லை’ என்பவர்க்குக் கூலி என்ன?

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபோது, சமயம், தமிழ், கல்லூரியின் பழம்பெருமை ஆகியவற்றுள் ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றைப் பற்றி எழுதத் தகுதி வாய்ந்தோர் நம்மிடையே பலர் உளர். நானோ ஆசிரியப் பணியின் பெரும்பகுதியை மலைநாட்டிற் கழித்து, ஓய்வுபெற்ற பின்னரும் நானுஓயாவிலேயே தங்கிவிட்டவன். இங்கு வாழ்வோர் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. “வண்டியை எந்தக் கராஜில் கொடுக்கிறீர்கள்? அந்த ஆளை நம்பலாமா?” என்பதே அது. சிறு வினாப்போலத் தோன்றும் இதனுள் பெரியதோர் அறக்கேள்வி மறைந்து கிடப்பதை நான் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். உணர்ந்ததை நண்பர்களுக்கும் இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமார்க்கும் சொல்லிவைத்தல் நலமெனக் கருதுகின்றேன்.

நானுஓயாவைப் புகையிரத நிலையத்தின் பெயராக மட்டும் அறிந்தோர் பலர். 1885ஆம் ஆண்டு இருப்புப்பாதை இவ்வூரை எட்டிற்று. நுவரெலியாவுக்குச் செல்வோர் இங்கேயே இறங்கி, ஏறத்தாழ ஐந்து மைல் மலையேறுதல் வேண்டும். அவ்வழியே 1903இல் குறுகிய பாதையில் ஒரு சிறு புகையிரதமும் ஓடத் தொடங்கிற்று. 1940களில் அது மறைந்தொழிந்தது. இன்று ஏறுவதும் இறங்குவதும் மோட்டார் வண்டியை நம்பியே நடைபெறுகின்றன. தோட்டத்து லொறியும், பாடசாலை வேனும், கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடும் முச்சக்கர வண்டியும் இவ்வளைவுகளிலேதான் ஓடியாகவேண்டும்.

சமநிலத்தில் வண்டி பழுதுற்றால் வழியில் நின்றுவிடும். மலைநாட்டிலே, நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமற் போவதே பெரும் பழுது. நானுஓயா நிலையம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் உள்ளது. தலவாக்கலை நிலையமோ ஏறத்தாழ 3,900 அடியில் உள்ளது. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள சிறு கார் ஒன்று இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, பன்னிரண்டு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தாங்கும். எஞ்சியதெல்லாம் வெப்பமாகிப் பிரேக்கின்மேல் விழும். தாழ்ந்த கியரில் இறங்காது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருபவன் அதன்மேல் சுமத்தும் வேலை இன்னும் அதிகம்.

இவ்விடத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பிரேக் எண்ணெய் என நாம் வழங்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 3’ என்னும் வகை புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காதிருத்தல் வேண்டுமென்பது நியமம். அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்துவிட்டாலே அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அத்திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றுமாயின், மிதிக்கும் விசை குமிழ்களை நெருக்குவதிலேயே வீணாகிச் சக்கரத்தைச் சேராது. மிதி வெறுமையாய்த் தரையைத் தொடும். வண்டியின் வெளித்தோற்றத்தைப் பார்த்து இக்குறையை எவராலும் கண்டறிய முடியாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இதனைக் காட்டாது. அது புகையை அளப்பதேயன்றிப் பிரேக்கை அளப்பதன்று.

நானுஓயாவிலிருந்து றதல்ல செல்லும் குறுக்குவீதியின் செங்குத்தான இறக்கத்தை அறிந்தவர்க்கு 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதியை மறத்தல் இயலாது. கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களை ஏற்றிய பேருந்தொன்று அன்று மாலை அவ்விறக்கத்தில் வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதிற்று. வேனிற் சென்ற அறுவரும் முச்சக்கர வண்டிச் சாரதியும், ஆக எழுவர் உயிர் நீத்தனர். அன்று தொட்டு அந்த இறக்கத்தில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் என் கால் தானே பிரேக்கைத் தொட்டுப் பார்க்கின்றது. மிதி உறுதியாய் நிற்பது, அதற்குப் பின்னால் ஒரு மனிதர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பதனாலன்றோ? நாம் ஒருபோதும் பார்க்காத போல்ட் ஒன்றை அவர் இறுக்கினாரா, இல்லையா என்பதில் நம் உயிரும் எதிரே வருபவர் உயிரும் தங்கியுள்ளன.

அத்தகைய மனிதரைக் கண்டறிதல் ஏன் இத்துணை அரிதாயிருக்கின்றது? காய்கறி வாங்குபவன் கையிலெடுத்துப் பார்க்கலாம். துணி வாங்குபவன் தடவிப் பார்க்கலாம். வண்டியைத் திருத்தக் கொடுப்பவனோ, நோய் இன்னதென்று சொல்வதையும், மருந்து இன்னதென்று விதிப்பதையும், கொடுத்த மருந்துக்கு விலை சொல்வதையும் ஒருவரிடமே ஒப்படைக்கின்றான். வேலை முடிந்த பின்னும் அது தேவையான வேலைதானா என அவன் அறிய வழியில்லை. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். நல்லதையும் தீயதையும் வேறுபிரித்தறிய இயலாத வாங்குபவன் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே கொடுப்பான். அவ்விலை கட்டுபடியாகாமையால் நல்ல பொருளுடையோர் சந்தையைவிட்டு விலகுவர். இறுதியில் தீயதே மிஞ்சும் என்பது அவர் காட்டிய உண்மை. 2001இல் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கராஜ்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். நாணயமான வேலையை நாம் அடையாளங் கண்டு அதற்குரிய விலையைக் கொடாதவிடத்து, நாணயமானவர் வேறு தொழிலை நாடிப் போவார்.

இனி என் சொந்த அனுபவத்தைச் சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஜப்பானியக் காரை வேறோர் ஊரிலுள்ள வேலைத்தலமொன்றில் பிரேக் வேலைக்காகக் கொடுத்தேன். அதன் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. பளபளப்பான தளமும் கண்ணாடிக் கதவும் கண்டு மயங்கினேன். உள்ளே செல்ல எவருக்கும் அனுமதியில்லை. மாலையில் நீண்டதொரு பில்லைத் தந்தார்கள். எல்லாம் புதிதாகப் போடப்பட்டதென்றார்கள். நானும் கேள்வி கேளாமற் பணத்தைக் கொடுத்து மீண்டேன். மூன்றாம் வாரம் மலையிறங்குகையில் மிதி சற்றே ஆழமாய்ப் போயிற்று. நல்லூழாக வேகங் குறைவு; தாழ்ந்த கியரும் கைப்பிரேக்கும் காத்தன.

ஊர்ந்து ஊர்ந்து வந்து நானுஓயாவில் தகரக் கூரையிட்ட சிறு கராஜொன்றில் வண்டியை நிறுத்தினேன். அதனை நடத்துபவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிற் பிட்டராயிருந்தவரின் மகன். “மாஸ்டர், நீங்களும் கிட்ட நின்னு பாருங்க” என்று என்னை அருகே அழைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். புதிதென்று விலை போடப்பட்ட பாகம் பழையதே. துடைத்து வண்ணம் பூசப்பட்டிருந்தது. பிரேக் எண்ணெயைச் சிறிது கண்ணாடிப் போத்தலில் வடித்துக் காட்டினார். சாயம் மிகுந்த பிளேன்டீயின் நிறம்! அதனருகே புதிய எண்ணெயை ஊற்றிய வேறொரு போத்தலையும் வைத்தார். அதன்பின் எனக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு செலவாகும், எது இன்றே செய்யவேண்டியது, எது அடுத்த மாதம்வரை பொறுக்கும் என்பனவற்றைச் சொல்லி, என் சம்மதம் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்கினார். முடிந்ததும் கழற்றிய பாகங்களைப் பழைய பத்திரிகையிற் சுற்றி என்னிடமே தந்தார். பின்னர் என்னையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்.

நம்பத்தக்க ஆளைக் கண்டேன் என மகிழ்ந்தேன். கதை அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

ஆறு மாதங்களின் பின், முன்சக்கரப் பக்கமாய் ஏதோ ஓசை கேட்பதாக ஐயுற்று மீண்டும் அவரிடம் சென்றேன். ஏறக்குறைய இரண்டு மணிநேரம் வண்டியின் கீழ்க் கிடந்தார். சக்கரங்களைக் கழற்றினார், தட்டினார், ஆட்டினார். ஈற்றில் டயரிற் சிக்கியிருந்த சிறு கல்லொன்றை எடுத்து என் கையில் வைத்து, “வண்டிக்கு ஒண்ணுமில்லை மாஸ்டர், கொண்டு போங்க” என்றார். “எவ்வளவு?” என்று கேட்டேன். “கல்லு எடுத்ததுக்குக் காசா?” எனச் சிரித்தார். நானும் சிரித்தேன், நன்றி கூறினேன், வீடு வந்து அவருடைய நேர்மையை மனைவியிடம் வியந்து பேசினேன். அவளோ, “அப்ப அந்த மனுசனுக்கு இண்டைக்கு என்ன வருமானம்?” என்று ஒரு கேள்வி கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வண்ணம் பூசி என்னை ஏமாற்றியவர்க்கு நான் பெருந்தொகை கொடுத்தேன், அதுவும் வாய்திறவாமல். உண்மை சொன்னவர்க்கு நன்றியை மட்டும் கொடுத்தேன். ‘பழுது’ என்ற சொல்லுக்குக் கூலியும் ‘பழுதில்லை’ என்ற சொல்லுக்குப் புன்னகையும் கிடைக்குமாயின், பிள்ளைகுட்டிக்காரரான ஒரு தொழிலாளி எந்தச் சொல்லைக் கற்றுக்கொள்வார்? அவர் இன்றுவரை கற்றுக்கொள்ளாதிருப்பது அவர் பெருமை. அவரை அந்தச் சோதனையில் நிறுத்தியது என் சிறுமை.

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1992இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியர்ஸ் என்னும் பெரும் வணிக நிறுவனத்தின் மோட்டார் திருத்தகங்கள்மீது, தேவையற்ற வேலைகளைச் செய்து பணம் பறிப்பதாக அரசாங்கம் குற்றஞ்சாட்டிற்று. அரசின் ஆட்களே சாதாரண வாடிக்கையாளர் போல வண்டிகளைக் கொண்டுசென்று சோதித்திருந்தனர். பாகங்களை விற்குமளவுக்கு ஊழியர்க்குத் தரகு கொடுக்கும் முறையே இதற்கு வேரென அப்போது பேசப்பட்டது. நிறுவனமும் அத்தரகு முறையைக் கைவிட நேர்ந்தது. அங்கிருந்த ஊழியரெல்லாம் பிறவியிலேயே வஞ்சகர் என எவர் கூறுவார்? பொய்க்குப் பரிசளிக்கும் ஓர் ஏற்பாடு நல்ல மனிதரையும் மெல்ல வளைத்துவிடும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இதற்கு மாறான ஏற்பாட்டையும் என் தலைமுறையினர் கண்டிருக்கின்றோம். வண்டி நிலையத்தில் நிற்கும் சில நிமிடங்களில், நீண்ட பிடியுள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காதுகொடுத்துச் செல்லும் புகையிரத ஊழியரை நினைவுகூருங்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடிப்புள்ளது மங்கி ஒலிக்கும். அவர் தட்டிய சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை நல்லனவே. ஆயினும், ‘வெடிப்பொன்றும் காணவில்லையே, உமக்கு ஏன் சம்பளம்?’ என எவரும் அவரைக் கேட்டதில்லை. வெடிப்பைக் கண்டால் ஒரு கூலி, காணாவிட்டால் வேறொரு கூலி என்று வைத்ததும் இல்லை. அவருடைய காதுக்கும் கவனத்துக்குமே சம்பளம். ஆதலால் அவர் பொய் சொல்வதற்கு யாதொரு காரணமும் இருக்கவில்லை.

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றே. நம்பத்தக்க கராஜ் ஒன்றைத் தேடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அது நம்பத்தக்கதாய் நிலைத்து நிற்பதற்குரிய கூலியையும் நாம் கொடுத்தல் வேண்டும். பார்வையிடுவதற்கென ஒரு தொகையை, பழுது இருப்பினும் இல்லாவிடினும் தருவதாக, வண்டியை விடும்போதே பேசிக்கொள்ளல் வேண்டும். வைத்தியர், “உமக்கு நோயில்லை” என்று சொன்னால் அவர் கட்டணத்தை நாம் மறுக்கின்றோமா? வண்டியின் வைத்தியர்க்கு மட்டும் ஏன் வேறொரு நியாயம்?

மற்றொரு தீங்கையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கூடுதலாகப் பணம் பறிப்பவரைப் பற்றியே நாம் பேசுகின்றோம். பேரம் பேசிப் பேசி, செய்யவேண்டிய வேலையைச் செய்யவிடாமற் தடுக்கும் நம்மைப் பற்றிப் பேசுவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்தது. பழைய வண்டிகளையே ஒட்டியும் கட்டியும் ஓட்டவேண்டியதாயிற்று. “இப்போதைக்கு ஓடுமாறு செய்து தாருங்கள்” என்பது மக்கள் வாயில் மந்திரமாயிற்று. ஏழைச் சாரதி அவ்வாறு கேட்பதற்கு வறுமை காரணம், அவனை நோகேன். வசதியுள்ளோர் பிரேக்கிலே சிக்கனம் பிடித்து ஒலிபெருக்கியிலே தாராளங் காட்டுவதற்கு என்ன காரணம் சொல்வது? “இதை மாற்றாமல் வண்டியை வெளியே விடமாட்டேன்” என்று மறுக்கும் மெக்கானிக்கைக் கோபித்து வேறிடம் செல்கின்றோமே, அவரே நம் உண்மையான நண்பர்.

இனி, தேடும் வழியையும் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். திருவள்ளுவர் தாம் வகுத்த அதிகாரமொன்றுக்குத் ‘தெரிந்து தெளிதல்’ எனப் பெயரிட்டார். தெரிதல் முன், தெளிதல் பின். ஆராயாது நம்புவது தெளிவன்று. முதலிற் சிறு வேலையொன்றைக் கொடுத்துப் பார்த்தல் நலம். எண்ணெய் மாற்றுவதில் ஒழுங்கில்லாதவரிடம் எஞ்சினை ஒப்படைத்தலாகாது. ஒவ்வொரு நாளும் மலையேறி இறங்கும் வேன் சாரதிகளை விசாரித்தல் வேண்டும். ஒருமுறை சென்றவரின் புகழ்ச்சியைவிடப் பத்தாண்டு சென்றுவருபவரின் சுருக்கமான பதிலே பெறுமதியுடையது. வேலைக்குமுன் செலவு மதிப்பீட்டையும், வேலைக்குப்பின் பற்றுச்சீட்டையும், கழற்றிய பாகத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பவர்க்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வணிகரின் கடமையென்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே உள்ளது. இவற்றைக் கேட்கும்போது முகஞ் சுளிக்காதவர், அருகே நின்று பார்க்க விடுபவர், ‘இது எனக்குத் தெரியாது, இன்னாரிடம் காட்டுங்கள்’ எனச் சொல்லக் கூசாதவர் ஆகியோரையே தெளிதல் வேண்டும். நம் பங்குக்கு, வண்டியின் குறையை ஒளிக்காமற் சொல்லலும், பயணத்துக்கு முதல்நாள் இரவு கொண்டுபோய் அவசரப்படுத்தாதிருத்தலும், பணத்தைத் தவணை சொல்லாது கொடுத்தலும் கடனாகும்.

“நாணயமுள்ளவன் கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும் நாணயமாகவே இருப்பான், காசு கொடுத்து நேர்மையை வாங்க முடியுமா?” என ஒரு நண்பர் என்னை மறுத்தார். முடியாதுதான். ஆனால் நேர்மையாளர் ஒருவரைப் பட்டினி போட்டு ஊரைவிட்டுத் துரத்த முடியும். அதனை நாம் நாள்தோறும் செய்கின்றோம். நானுஓயாவிற் கைத்தேர்ச்சி பெற்ற இளைஞர் பலர் கொழும்புக்கும் அரபு நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அவர்கள் போனது வெளியூர் ஆசையால் மட்டுமன்று.

நம் கல்லூரியும் இதிற் பங்குடையதே. வைத்தியரையும் எஞ்சினியரையும் கணக்காளரையும் நாம் பெருமையோடு எண்ணிக் காட்டுகின்றோம். மெக்கானிக்கான பழைய மாணவர் ஒருவரை இத்தகைய விழா மேடையில் நாம் இருத்தியதுண்டா? எஞ்சினியர் வரையும் பிரேக்கை உயிரோடு வைத்திருப்பவர் மெக்கானிக்கே. 1959இல் ஜேர்மனியின் துணையுடன் தொடங்கப்பட்டு, இன்று மொறட்டுவையிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் இத்தொழிலை முறையாகப் பயிலலாம். அங்கே செல்ல விரும்பும் மாணவனை ‘படிப்பு ஏறாதவன்’ என ஒதுக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் ஒழிதல் வேண்டும். மதிப்பில்லாத தொழிலில் மானமுள்ளவன் எவ்வளவு காலம் நிற்பான்?

நிற்க. அந்தக் கல் இன்றும் என் மேசைமேல் உள்ளது. மனைவியின் கேள்விக்கு மறுநாளே விடை தேடி அந்தக் கராஜுக்குச் சென்றேன். இரண்டு மணிநேரக் கூலியை நீட்டியபோது அவர் வாங்க மறுத்தார். “இது கல்லுக்கல்ல, பாஸ், நேற்றிரவு பயமில்லாமல் நித்திரை கொண்டதற்கு” என்றேன். சற்றுநேரம் நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இப்போது அக்கராஜின் சுவரிலே, பார்வையிடுவதற்குரிய கட்டணம் இவ்வளவென ஒரு சிறு பலகை தொங்குகின்றது. அதனைக் கண்டு திரும்பிப் போவோரும் உளர், போகட்டும். நின்று கொடுப்போர் தொகை மெல்லப் பெருகுகின்றது. அப்பலகை போன்றது ஒவ்வோர் ஊரிலும் தொங்குமாறு செய்வது வாடிக்கையாளராகிய நம் கையிலேயே உள்ளது.